திருகோணமலையில் ஒரு காமிக்ஸ் சேகரிப்பு: நிலை எழுதியதும் விற்றதும்

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் இரண்டு ரங்குப்பெட்டிகளும் ஓர் அலுமாரித் தட்டும் நிறையத் தமிழ் காமிக்ஸ் இதழ்கள் இருந்தன. காலஞ்சென்ற கணவர் பள்ளிப் பருவத்திலிருந்து சேர்த்தவை. தனி இதழ்கள் 340 அளவில், பைண்ட் செய்த தொகுதிகள் 17. முத்து, லயன், ராணி காமிக்ஸ் பெரும்பகுதி. இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்புகள் கொஞ்சம். அடியில் அம்புலிமாமா ஒரு கட்டும், இலங்கையில் அச்சான சிறுவர் இதழ்கள் சிலவும்.

வீட்டைத் திருத்தி ஒரு பகுதியை வாடகைக்கு விட வேண்டியிருந்ததால் விற்க முடிவெடுத்தார்கள். என்னை அழைத்தபோது அவர்கள் கையில் ஏற்கெனவே இரண்டு விலைகள் இருந்தன. பழைய புத்தக வியாபாரி ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, நிறையை மதித்து, ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கனடாவில் இருக்கும் மகன், 2024இல் அமெரிக்காவில் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போன செய்தியை அனுப்பி, "அவசரப்பட்டுக் குடுத்திடாதேங்கோ அம்மா" என்று எழுதியிருந்தார். ரீச்சர் இரண்டையும் என்னிடம் காட்டி, "தம்பி, இதில எது உண்மை?" என்று கேட்டார்.

இரண்டும் இதழைத் திறந்து பார்க்காமல் சொன்ன விலை என்பதுதான் என் பதில். அந்த 1938ஆம் ஆண்டு இதழ் அவ்வளவு விலை போனதற்கு, அது சூப்பர்மேன் முதலில் தோன்றிய இதழ் என்பது ஒரு காரணம். 10க்கு 8.5 என்ற நிலையில் அது தப்பியிருந்தது என்பது மற்றக் காரணம். தமிழ் காமிக்ஸின் சந்தை சிறியது, தொகைகளும் வேறு. ஆனால் அதே கணக்குத்தான் இங்கும் நடக்கிறது. இதழின் பெயர் வாங்குபவரை அழைத்து வரும். எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் பிரதியின் நிலையைப் பார்த்தே முடிவு செய்வார். மதுரையிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அவரால் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே நாம் எழுதிக் கொடுக்கும் நிலைக்குறிப்புத்தான் அவருக்குக் கண்ணும் கையும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

முதலில் சேகரிப்பின் வரலாற்றைப் பார்த்தோம், ஏனென்றால் எது அரிது என்பதை அதுதான் சொல்லும். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. இரும்புக்கை மாயாவிதான் முதல் நாயகன். பிரித்தானிய வேலியண்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் அது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. ராணி 500 இதழ்களோடு 2005இல் நின்றது.

இலங்கை நிலைமை வேறு. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்வதில் அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்துதான் அவை தாராளமாகக் கிடைத்தன. இந்தப் பெட்டிகளிலும் அது அப்படியே தெரிந்தது: 1977க்கு முந்திய முத்து இதழ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதற்குப் பிந்தியவை வரிசையாக. 1985ஐ ஒட்டியும் 1990ஐ ஒட்டியும் இடைவெளிகள். அவை போர்க்கால ஆண்டுகள், திருகோணமலையில் வாழ்ந்தவர்களுக்கு அவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. 1990இல் குடும்பம் வெளியேறியபோது பெட்டிகள் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் இருந்தன, திரும்பி வந்தபோது பூட்டுக் கூட உடைபடாமல் கிடைத்தன என்றார் ரீச்சர். அந்தப் பக்கத்து வீட்டாரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

முதற்பதிப்பா, மறுபதிப்பா

குடும்பம் மிகப் பெரிய நம்பிக்கை வைத்திருந்தது ஓர் இரும்புக்கை மாயாவி பிரதியில். முதற்பதிப்பு என்று ஐயா, அதாவது ரீச்சரின் கணவர், எப்போதும் சொல்வாராம். தமிழ் காமிக்ஸில் இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். புகழ்பெற்ற கதைகள் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கின்றன, சில வேளை வேறு அட்டையோடு, சில வேளை பழைய அட்டையை ஒத்த அட்டையோடு. தலைப்பை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லக் கூடாது.

பார்க்க வேண்டியவை: உள்ளட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ உள்ள இதழ் எண், மாதம், அச்சக விபரம், அட்டை விலை, பின்னட்டையிலும் உட்பக்கங்களிலும் உள்ள விளம்பரங்கள். விளம்பரம் பொய் சொல்லாது. அந்தப் பிரதியின் உள்ளே "விற்பனைக்குத் தயார்" பட்டியல் ஒன்றில் லயன் காமிக்ஸ் தலைப்புகள் இருந்தன. லயன் பிறந்ததே 1984இல். அதற்குப் பிறகு அச்சான பிரதிதான் அது, 1972 ஆக இருக்க வழியே இல்லை. ரீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அதை மறுபதிப்பு என்று தலைப்பிலேயே எழுதி விற்றோம், அந்த விலைக்கு உடனே ஆள் வந்தது. "முதற்பதிப்பு போல" என்று மழுப்பி எழுதியிருந்தால், மற்ற 300 இதழ்களுக்கும் எங்கள் சொல்லை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நிலை பார்த்த விதம்

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 10 புள்ளி அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1970இல் இருந்து வெளிவரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டைச் சுற்றி வளர்ந்தது அது. 9.4 என்றால் ஏறத்தாழப் புதியது, 8.0 மிக நல்லது, 6.0 நல்லது, 4.0 வாசித்துப் பழகியது, 2.0 முழுதாக இருந்தாலும் அடிபட்டது, 0.5 சிதைந்தது. 2000இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் இதழை ஆராய்ந்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருகிறது. அங்கே அனுப்பலாமா என்று மகன் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த நிறுவனம் இருக்கும் புளோரிடா வரை அனுப்பி எடுக்கும் செலவைத் தாங்கும் தமிழ் இதழ் இந்தப் பெட்டிகளில் இல்லை. அதோடு தமிழ் காமிக்ஸ் வாங்குகிறவர் பலர் இன்னும் வாசிக்கத்தான் வாங்குகிறார்கள். அடைத்த கூட்டை அவர்கள் என்ன செய்வது?

ஆனால் அளவுகோல் நல்லது, அதை எடுத்துக்கொண்டோம். எண்ணை மட்டும் போடாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே குறைகளைச் சொல்லால் எழுதினோம். என் கருத்தில் தமிழ் இதழ்களுக்கு எண்ணைவிட இந்த வரிகள்தான் முக்கியம், ஏனென்றால் 4.0 என்றால் என்ன என்பதில் நமக்குள் இன்னும் ஒருமித்த பழக்கம் உருவாகவில்லை.

ஒரு லயன் இதழைப் பார்த்த முறையைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பருத்தித் துணி விரித்தோம். கையைக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும், கையுறை தேவையில்லை. கையுறையோடு நொய்ந்த தாளைப் புரட்டினால் கிழியும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இதழை வைத்தால், நேரே பார்க்கும்போது தெரியாத மடிப்புகள் எழுந்து தெரியும். முதுகில் தைப்புக் கம்பியை ஒட்டிச் சிறு குறுக்குக் கோடுகள் நான்கு, அவற்றில் இரண்டில் மை உடைந்து வெள்ளை தெரிந்தது. மை உடையாத கோடு சின்னக் குறை, உடைந்தது பெரிய குறை. கீழ் வலது மூலை மழுங்கியிருந்தது. மேல் கம்பியில் துரு பிடித்து, தாளில் கபிலநிற வட்டம் இறங்கியிருந்தது. நடுத்தாள் கம்பியில் உறுதியாக இருந்ததா என்று விரலால் இழுக்காமல், இதழைப் பாதிக்கு மேல் விரிக்காமல் பார்த்தோம். பிறகு பக்கங்களை எண்ணினோம். குறுக்கெழுத்து நிரப்பப்பட்டிருந்தது, பென்சிலால். கூப்பன் வெட்டப்படவில்லை. உட்தாள் ஓரத்தில் பழுப்பு, நடுவில் மங்கல் வெள்ளை. முகர்ந்தால் பூஞ்சண வாடை இல்லை. 5.0 போட்டோம்.

பக்கம் எண்ணுவதை யாரும் விட்டுவிடக் கூடாது. மற்றக் குறை எதுவும் விலையைக் குறைக்கும். ஒரு தாள் இல்லாமற் போனால் அதைச் சேகரிப்பாளர் வாங்கவே மாட்டார்.

எங்கள் இதழ்களில் பெரும்பாலானவை 2.5க்கும் 5.0க்கும் இடையில் நின்றன. 7ஐத் தாண்டியவை மிகச் சில. அதற்கு ஐயா காரணமல்ல, தாளும் ஊரும்தான் காரணம். மலிவான செய்தித்தாள் கடதாசி மரக்கூழில் லிக்னின் நீக்காமல் செய்யப்படுவது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுக்கும், அமிலம் ஊறும், கடைசியில் மடித்தால் முறியும். இங்கே அதற்கு மேல் கடற்காற்றின் உப்பு கம்பியைத் தின்கிறது. மாரி மாதங்களின் ஈரம் பூஞ்சணத்தை அழைக்கிறது. ராமபாணப் பூச்சி அட்டையின் மேற்பரப்பை மேய்ந்துவிட்டுப் போகிறது. கீழ்ப் பெட்டியில் ஒரு மூலையில் கூரை ஒழுக்கு இறங்கிய தடம் இருந்தது. அந்தப் பக்க இதழ்கள் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் அலைக்கோடு.

நல்ல வேளையாக நாங்கள் தொடங்கியது வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில். ஈரம் பட்ட இதழ்களை நிழலில், காற்றாடியின் காற்று நேரே படாமல் உலர விட்டோம். வெயிலில் காயப் போடச் சொன்னவர்கள் உண்டு. வெயில் மையை வெளுக்கும், தாளை இன்னும் நொய்ய வைக்கும். பூச்சி இருந்த இதழ்களைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஆழ்ந்து குளிரும் உறைபெட்டியில் வைத்தோம். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கவில்லை. திறந்தால் தாளில் நீர் படியும். பூச்சி உருண்டை போடவில்லை. அந்த வாடை தாளை விட்டுப் போகாது, வாங்குகிறவர் முதலில் உணர்வதும் அதைத்தான்.

திருத்தாமல் விட்டவை

இதில்தான் வீட்டாரோடு அதிகம் பேச வேண்டி வந்தது. ரீச்சரின் மருமகன் உதவிக்கு நின்றவர், கைத்திறன் உள்ளவர். கிழிந்த அட்டைகளைச் செலோடேப் போட்டு ஒட்டி, மழுங்கிய ஓரங்களைக் கத்தியால் நேராக்கி, துருக் கம்பிகளை எடுத்துப் புதுக் கம்பி அடித்தால் நல்ல விலை வருமே என்றார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. ஓரம் வெட்டினால் இதழ் அளவு குறையும், பழகியவர் ஓர் அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். கம்பி மாற்றினால் அதைச் சொல்ல வேண்டும், சொன்னால் விலை இறங்கும். குறையோடு இருப்பது குறை, அவ்வளவுதான். திருத்தி மறைத்தது என்று தெரிந்தால் வாங்குகிறவர் நம்மையே விட்டுவிடுவார். நாங்கள் செய்ததெல்லாம் மென்தூரிகையால் தூசு தட்டியதும், சட்டை அடைக்கும் மொரமொரப்பான பொலிப்ரொப்பிலின் உறைகளில் ஒரு கடின அட்டையோடு வைத்ததும். பீவிசி உறை வேண்டாம், அது காலப்போக்கில் மையை ஒட்டி இழுக்கும்.

பைண்ட் தொகுதிகள் தனிச் சிக்கல். அந்தக் காலத்தில் காமிக்ஸை நேசித்தவர்கள் செய்த மிகப் பெரிய மரியாதை, பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்ட் பண்ணுவது. பைண்டர் கம்பியை உருவி, முதுகைத் தைத்து, மூன்று பக்க ஓரத்தையும் வெட்டி, சில வேளை அட்டைகளையே எறிந்துவிடுவார். தனி இதழ் என்ற மதிப்பு அத்தோடு போய்விடும். மறுபுறம், அதே பைண்ட்தான் உட்தாள்களைக் காற்றிலிருந்து காத்தது. இந்த 17 தொகுதிகளின் உட்பக்கங்கள் தனி இதழ்களைவிட வெள்ளையாக இருந்தன. பிரித்து விற்கலாமா என்று கேட்டார்கள். பிரித்தால் வெட்டுப்பட்ட, தைப்பு ஓட்டையுள்ள, கம்பியில்லாத தாள்கள்தான் மிஞ்சும். தொகுதியாகவே, "வாசிப்புப் பிரதி, ஓரம் வெட்டப்பட்டது, அட்டைகள் உண்டு அல்லது இல்லை" என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினோம்.

இன்னொன்று: பல இதழ்களின் அட்டையில் இலங்கை விலை முத்திரையும், வாடகைக்குப் புத்தகம் விட்ட கடைகளின் ரப்பர் முத்திரையும், ஐயாவின் கையெழுத்தும் இருந்தன. அளவுகோலின்படி அவை குறைகள்தான், அப்படியே நிலையைக் குறைத்தோம். ஆனால் முத்திரையைத் தனியாகப் படம் பிடித்துப் போட்டோம். இந்தியச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். கிழக்கிலும் வடக்கிலும் வளர்ந்து இப்போது வெளிநாட்டில் இருப்பவர்களில் சிலர் அவற்றையே தேடி வாங்கினார்கள். தாங்கள் சிறுவயதில் வாசித்ததும் இப்படி முத்திரை குத்திய பிரதியைத்தானே.

விற்பனை

விலை வைப்பதற்கு, விற்பவர்கள் கேட்கும் விலைகளைப் பார்க்கவில்லை. கேட்பவர் எதையும் கேட்பார். உண்மையில் கைமாறிய விலைகளைச் சேகரிப்பாளர்களிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டோம். 2012இல் இருந்து லயன், முத்து புதுப் பொலிவோடு நல்ல தாளில் வரத் தொடங்கியதால், பழைய கதையை வாசிக்க மட்டும் விரும்புகிறவருக்கு வேறு வழி உண்டு. அதனால் சாதாரண நிலையில் உள்ள சாதாரண இதழின் விலை பெரிதாக ஏறாது. பழைய பிரதியே வேண்டும் என்பவர்தான் நம் ஆள்.

சேகரிப்பை மூன்றாகப் பிரித்தோம். அரிதானவையும் நிலை நல்லவையும் தனித்தனியாக. நடுத்தரமானவை நாயகன் வாரியாக, வரிசை வாரியாகக் கட்டுகளாக. மிஞ்சியவை வாசிப்புக் கட்டுகளாக. ஒவ்வொரு தனி இதழுக்கும் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுத்தாள், மிக மோசமான குறை என்று ஐந்து படங்கள். மோசமான குறையின் படத்தை முதலில் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நிலை எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு சோதனை தானாகவே கிடைத்தது. லயன் தீபாவளி மலர் ஒன்று இரண்டு பிரதிகள் இருந்தன. 5.5 பிரதி போன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் 2.5 பிரதி போனது. கதை ஒன்று, ஆண்டு ஒன்று, அச்சு ஒன்று. மருமகன் அன்றைக்குப் பிறகு கத்தியைப் பற்றிப் பேசவில்லை. மூலை மடங்காமல் உறையில் வைப்பதில் என்னைவிடக் கவனமானவர் ஆகிவிட்டார்.

அனுப்புவதில் பெரிய வித்தை இல்லை. இதழைவிடப் பெரிய இரண்டு கடின அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அட்டையின் நெளிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி கட்டி, மழைக்காகப் பொலித்தீன் சுற்றி, பதிவுத் தபாலில் போட்டோம். கனடாக்காரர் பலர் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த உறவினர் கையில் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் மிகப் பாதுகாப்பான வழி. பணம் வங்கியில் வந்த பிறகே பொதி புறப்பட்டது. உறவுக்காரர் என்றாலும் அப்படித்தான்.

ஒரே ஒரு முறைப்பாடு வந்தது. தமிழ்நாட்டில் வாங்கிய ஒருவர், நடுத்தாள் கழன்றிருக்கிறது என்று எழுதினார். குறிப்பில் "நடுத்தாள் கீழ்க் கம்பியிலிருந்து விடுபட்டது" என்று இருந்தது, படமும் இருந்தது. அதை அனுப்பியதும், தான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவரே இரண்டு கட்டுகள் கூடுதலாக எடுத்தார்.

மொத்த வரவில் பாதிக்கு மேல் 30க்கும் குறைவான இதழ்களிலிருந்து வந்தது. நிறை பார்த்துச் சொன்ன தொகையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கிடைத்தது. மகன் மனதில் வைத்திருந்த தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, அதையும் அவரிடம் கணக்கோடு சொன்னோம். வீட்டுக் கூரையும் யன்னல்களும் அந்தப் பணத்தில் முடிந்தன.

இலங்கையில் அச்சான சிறுவர் இதழ்களை விற்கவில்லை. இந்தியப் பதிப்புகள் இன்னும் யாரிடமாவது இருக்கும். இங்கே குறைந்த பிரதிகளே அச்சாகி, போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தவை திரும்பக் கிடைக்காது. ஈழத்து எழுத்துகளை 2005இல் இருந்து எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றைக் கொடுப்பது என்று ரீச்சர் தீர்மானித்தார். விற்பவர் எல்லோரும் தங்கள் பெட்டியில் இந்தப் பகுதியை முதலில் பிரித்து எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பைண்ட் தொகுதிகளில் ஆறு மிஞ்சின. அவற்றைக் கிண்ணியாவில் சிறுவர் வாசிகசாலை ஒன்று கேட்டது, இலவசமாகவே கொடுத்தார்கள். ஓரம் வெட்டிய, தடித்த மட்டை போட்ட தொகுதிதான் பிள்ளைகளின் கைக்குத் தாங்கும். நிலைக்குறிப்புப் பட்டியலின் ஒரு பிரதி ரீச்சரிடம் இருக்கிறது. வாங்கியவர்கள் பின்னாளில் மறுபடி விற்கும்போது கேட்டால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், இருவர் ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டார்கள்.